சோணாசலத்தின் முழி

கொடைக்கானலில் பழைய படங்களைத் திரையிட்டுப் பேசும் கழகம் ஒன்று இருக்கிறது. படம் ஓடும் நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசும் நேரம் அங்கே அதிகம். நல்ல பிள்ளைகள்தான். போன மாதம் அவர்களில் இரண்டு பேர் மலையிறங்கி, அய்யம்பாளையத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு தகராறைத் தீர்த்துவைக்க வேண்டுமாம். காலமாகிவிட்ட சிரிப்பு நடிகர் ‘திருதிரு’ சோணாசலத்துக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்த படத்தை அவர்கள் திரையிட்டிருக்கிறார்கள். அதில் எல்லாரும் கொண்டாடும் ஒரு பார்வை உண்டு. மகன் செத்தது தெரியாமல் அவன் பெயரை ஒருவர் கூப்பிட, கூட்டத்திலிருந்து யாரோ குரல் கொடுக்க, அப்பன் திரும்பிப் பார்க்கும் பார்வை. அது நடிப்பே இல்லை, படப்பிடிப்பில் நடந்த ஒரு தவறில் சிரிப்பு நடிகர் திடுக்கிட்டதைக் கேமரா பிடித்துக்கொண்டது, விருது விபத்துக்குத்தான் போயிருக்கிறது என்று வந்த இருவரில் ஒருவர் எழுதிவிட்டார். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஷாட்டின்போது அங்கே நின்ற யூனிட் ஆட்களில் இன்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற உதவி இயக்குநரிடம் வந்து பழைய கதை கேட்பது, வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி. அன்று அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். படத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் தயாரிப்பாளரின் பேரன் உரிமை கேட்டு வந்து நிற்பான்.

என் தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் உதவி இயக்குநராகச் சேர்ந்து இயக்குநராக ஆனார்கள். நான் உதவி இயக்குநராகச் சேர்ந்து, மிகவும் அனுபவமுள்ள உதவி இயக்குநராக ஓய்வு பெற்றேன். முதலில் கிளாப் அடித்தேன். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் கூட்டம் என் இலாகா ஆனது. கல்யாணக் கூட்டம், சந்தைக் கூட்டம், ஊர்வலம், எழவு வீடு, எதுவானாலும் ஆட்களைச் சேர்த்து, நிறுத்தி, கேமராவைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. கூட்டத்தோடு கூட்டமாக நானும் அதே உடுப்பில் நின்றுகொண்டு, உதடு அசையாமல் கட்டளை கொடுப்பேன். எத்தனையோ படங்களில் என் முதுகு நடித்திருக்கிறது.

அந்தப் படத்தின் டைரக்டர்தான் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். கழுத்தில் ஒரு சாம்பல் நிற மப்ளர், சென்னை வெயிலிலும் அது இருக்கும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் எல்லாரையும் ‘வாடா, போடா’ என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். ஒரு லைட்மேனிடம் ஒருநாள், “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அந்த மனிதர் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டார். எங்கள் யூனிட்டில் ‘அவருக்கு மரியாதை கிடைச்சிருச்சு’ என்று சொன்னால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

கூட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்துக்கு ஒருபோதும் கதையைச் சொல்லக் கூடாது. கதை தெரிந்தால் ஆளாளுக்கு நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், நில் என்றால் நிற்க வேண்டும், அது போதும் என்பார். நானும் அப்படியே நடந்து வந்தேன். யாராவது, “என்ன படங்க, யாரு செத்தா?” என்று கேட்டால், “யாரும் சாகலை, அந்த மரத்தைப் பாருங்க” என்று சொல்லிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் எடுத்த படம் அது. கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. அப்பனும் மகனும் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூலிகளாகச் சேர்கிறார்கள். மரம் சாய்ந்து மகன் செத்துப்போகிறான். மறுநாள் காலையில் பெரட்டு. தோட்டத்து ஜனங்கள், வேலைக்குப் போகும் முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பேர் பதிந்தால் வேலை உண்டு, பேர் வெட்டினால் வேலை போச்சு. மகன் செத்த சேதி தெரியாமல் அவன் பேரையும் கூப்பிடுகிறார்கள். அப்பன் “உள்ளேன் ஐயா” என்று மகனுக்குப் பதிலாகக் குரல் கொடுத்துவிட்டு, ஒரு பக்க வசனம் பேசிக் கதறி அழ வேண்டும். வசனம் எழுதியவர் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியது. படிக்கும்போது எங்களுக்கே கண் கலங்கியது.

அந்த அப்பன் வேஷத்துக்குத்தான் டைரக்டர் சோணாசலத்தைப் போட்டார். தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோணாசலம் ஆயக்குடிக்காரர். கொய்யாக் கூடை சுமந்துகொண்டிருந்தவர், நாடகக் கம்பெனிக்கு ஓடி, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் சொத்து அந்த முழிதான். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கும். முதலில் தப்பான பக்கம் திரும்புவார். அப்புறம் சரியான பக்கம் திரும்புவார். கண் மெதுவாக விரியும். அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கழுத்து ஆமைபோல உள்ளே போகும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். கழுத்து உள்ளே போன அந்த நிமிஷம் கொட்டகை இடியும். படத்துக்குப் படம் அதே முழி. ஜனங்களுக்கு அலுக்கவே இல்லை.

ஏன் இவரைப் போட்டீர்கள் என்று தயாரிப்பாளர் கேட்டதற்கு, கப்பலைவிட்டு இறங்கியவனுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது, அந்த மூஞ்சி இவனிடம்தான் இருக்கிறது என்று டைரக்டர் சொன்னார். தயாரிப்பாளர் சமாதானமாகவில்லை. ஆனால் புத்திசாலி. வெண்கலக் குரலில் அழுது பேர் வாங்கிய ஒரு குணச்சித்திர நடிகரைக் கொடைக்கானலுக்கு வரவழைத்து, ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் தங்கவைத்தார். ‘சும்மா கிளைமேட்டுக்காக வந்திருக்கார்’ என்று எங்களிடம் சொன்னார்கள். கிளைமேட்டுக்காக வந்தவர் எதற்குத் தாடி வளர்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நின்று அவர் அழுது பழகுவதைப் பால்காரர்கள் பார்த்துவிட்டு, பாவம், என்ன கஷ்டமோ என்று பேசிக்கொண்டார்கள்.

சோணாசலத்துக்கும் இது தெரியும். ஒரு காட்சியில் தவறினால் வேஷம் கைமாறிவிடும், அப்புறம் சாகிற வரைக்கும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான் என்பதும் தெரியும்.

வில்பட்டிக்கு அப்பால் ஒரு சரிவில் பெரட்டுக்களம் போட்டோம். கூட்டத்துக்கு நிஜமாகவே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைத் தினக்கூலிக்கு அழைத்து வந்தேன். கம்பளியைத் தலையில் போட்டு அவர்கள் நிற்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிக்கலை யாரும் நினைக்கவில்லை. அவர்கள் எல்லாரும் டூரிங் டாக்கீஸில் சோணாசலத்தைப் பார்த்தவர்கள். அவர் கேமரா முன்னால் வந்து நின்றதும் சிரித்தார்கள். “உள்ளேன் ஐயா” என்றதும் இன்னும் சிரித்தார்கள். கிளிசரின் போட்டுக் கண்ணீர் விட்டுக் கதறினார், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது பின்வரிசையில் ஒரு கிழவர் விசிலே அடித்துவிட்டார். இரண்டு நாள் இதே கதை. ஃபிலிம் கரைந்துகொண்டே போயிற்று.

டைரக்டர் கோளாறைச் சுற்றுமுற்றும் தேடினார். பேர் வாசிப்பவன் சரியில்லை என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த அந்தத் துணை நடிகர் பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோலத்தான் வாசித்தார் என்பது உண்மை. ஆனாலும் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக எனக்குப் பட்டது. மூன்றாம் நாள் அவருக்குப் பதிலாக, கூட்டத்திலேயே இருந்த வீராசாமி என்பவரை நிறுத்தினோம். அவர் அந்தக் காலத்தில் தோட்டத்தில் நிஜமான கங்காணி, வேலையாட்களை மேய்த்தவர். கதையில் வரும் பேர்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ‘யாரும் பதில் சொல்லக் கூடாது, சோணாசலம் மட்டும்தான் சொல்வார்’ என்று கூட்டத்துக்கும் படித்துப் படித்துச் சொன்னேன்.

வீராசாமி கங்காணி கூப்பிட ஆரம்பித்ததும் களமே மாறிவிட்டது. வளைந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். பேச்சு நின்றது. ஒவ்வொரு பேரையும் இழுக்காமல், வெட்டிப் போடுவதுபோலக் கூப்பிட்டார். செத்துப்போன மகனின் பேர் வந்தது.

“மருதமுத்து.”

சோணாசலம் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டது.

“இருக்கேனுங்க.”

அந்தப் பையனுக்கும் பேர் மருதமுத்து. பெரட்டில் பேர் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி போய்விடும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய ஜனங்கள். சினிமாவாவது, நான் சொல்லிவைத்ததாவது. கங்காணி குரல் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சோணாசலம் தப்பான பக்கம் திரும்பினார், சரியான பக்கம் திரும்பினார், கண் விரிந்தது, கழுத்து உள்ளே போனது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. கேமரா உதவியாளனும் சிரித்தான். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

இதுதான் அந்த விபத்து. எழுதிய தம்பி கேள்விப்பட்டது சரிதான். ஆனால் படத்தில் இருக்கும் ஷாட் இது இல்லை.

டைரக்டர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்த்து, ஏரிக்கரையில் இருப்பவரை மேக்கப் போட்டு அழைத்து வரச் சொன்னார். என்னிடம், “அந்தப் பையனை வெளியே அனுப்பிடுறீங்களா?” என்றார். எனக்கும் மரியாதை கிடைத்துவிட்டது. கடைசியாகச் சோணாசலத்திடம் போய், “ரொம்ப நன்றிங்க, நீங்க போய் உக்காருங்க” என்றார்.

மஞ்சு என்று மலையில் சொல்லும் மூடுபனி இறங்கிக் களத்தை மூடிக்கொண்டது. சோணாசலம் வேனுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிக்க எதுவும் இல்லை என்பதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

“ஏலே, அந்தப் பயலை அனுப்பிச்சுடாத. அவன் இருக்கேன்னு சொன்னப்ப, ஒரு நிமிசம் எம்மவன் சாகலைன்னு நினைச்சுட்டேன்லே. அப்புறம் பழக்க தோசம், களுத்து உள்ள போயிருச்சு.”

அவரே டைரக்டரிடம் போனார். அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை, தூரத்திலிருந்து பார்த்தேன். சோணாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, ஏரிக்கரையிலிருந்து ஆள் வருவதற்குள் மஞ்சு விலகினால் ஒரே ஒரு டேக், கேமராவில் மிச்சம் கிடக்கும் ஃபிலிமில் எடுத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் சொன்னதாகச் சொன்னார். மருதமுத்து பதில் சொல்லட்டும், அதற்கு மேல் சோணாசலம் வசனத்தை ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மருதமுத்துவைக் காணோம். அவன் அம்மா ராமாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தாள். மஞ்சில் சும்மா இருந்த நேரத்தில் வீராசாமி கங்காணி, ‘யாரு பேரத்தான் கூப்புடுறேன்?’ என்று லைட்மேனிடம் விசாரித்து, கதை முழுவதையும் தெரிந்துகொண்டிருக்கிறார். அது ராமாயி காதுக்கும், அவள் வாய் வழியாக அத்தனை பேர் காதுக்கும் போய்விட்டது. டைரக்டர் கட்டிக் காத்த சட்டம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஒழிந்தது.

நான் பின்னால் ஓடினேன். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்னேன். அவள் நிற்கவில்லை. இது வெறும் நடிப்பு என்றேன். அதற்கு மட்டும் நின்றாள்.

“உசுரோட இருக்குற புள்ள, செத்தவன் பேருக்கு ஆசர் சொல்லலாமாங்க? அங்கன தோட்டத்துல எம் புருசன் பேரை வெட்டுனாங்க, வெட்டுன மாசத்துலயே செத்தாரு. இங்கன எம்மவன் பேரை நீங்க வெட்டப் பாக்குறீங்க.”

எங்களுக்குப் பேர் என்றால் பேர். அவர்களுக்கு அது சோறு, அது உயிர்.

சோணாசலம் மூச்சிரைக்க ஏறி வந்தார். ராமாயி அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் கூடியது. உங்க மூஞ்சியப் பாத்தா கோவங்கூட ஒழுங்கா வர மாட்டேங்குது என்றாள்.

“எனக்கும் அதாம்மா கஸ்டம்,” என்றார் சோணாசலம். “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒருத்தரையும் அழ வைக்க முடியலை. ஒம்மவன் கொரல் கேட்டப்பதான் நானே நம்புனேன். அவன் போயிட்டா எஞ்சோலி முடிஞ்சுச்சு.”

ராமாயி மகனின் கையை விட்டாள். பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். பெரட்டு கலைவதற்கு முன்னால், அதே கங்காணி அதே களத்தில் இன்னொரு தடவை மருதமுத்து பேரைக் கூப்பிட வேண்டும். அது அவள் மகனுக்காகக் கூப்பிடுவது. அவன் பதில் சொல்ல வேண்டும். அப்போது வெட்டின பேர் மறுபடி பதிந்துவிடும். அதுவரை ஒரு ஆளும் களத்தைவிட்டு நகரக் கூடாது. அது நான் பாத்துக்கிறேன் என்றார், எங்கள் பின்னாலேயே ஏறி வந்திருந்த வீராசாமி. நான் இதை டைரக்டரிடம் சொல்லவில்லை. ஷாட் முடிந்த பிறகு யார் யாரைக் கூப்பிட்டால் அவருக்கென்ன என்று நினைத்தேன். ‘கட்’ என்றால் சினிமா கலைகிறது, பெரட்டு கலைவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மஞ்சு விலகியது. வெரசா, வெரசா என்று ஆட்களை வரிசையில் தள்ளிவிட்டு நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நின்றேன். கிளாப் அடித்தது. சோணாசலம் முன்வரிசையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கங்காணி பேர்களைக் கூப்பிட்டார். “மருதமுத்து” என்றார். பின்னாலிருந்து, “இருக்கேனுங்க.” சோணாசலம் தப்பான பக்கம் திரும்பினார். பிறகு சரியான பக்கமாக, கேமராவுக்கு முகம் தெரியும்படி, எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் விரிந்தது. ஆயிரம் கொட்டகைகளைச் சிரிக்க வைத்த அதே முழி, அதே வரிசை. கழுத்து உள்ளே போகும் இடத்துக்கு வந்தார். போகவில்லை. அங்கேயே நின்றார்.

கூட்டத்தில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. இப்போது அவர்களுக்குக் கதை தெரியும்.

வசனம் வர வேண்டும். வரவில்லை. சோணாசலம் மெதுவாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கேமராவுக்குப் பக்கத்தில் டைரக்டரின் கை ‘கட்’ சொல்ல மேலே எழுவதை நான் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில், கொடுத்த வாக்குத் தவறாத வீராசாமி கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார்.

“மருதமுத்து.”

“இருக்கேனுங்க.”

டைரக்டரின் கை அந்தரத்திலேயே நின்றது. யாரும் நகரவில்லை. ராமாயி கேட்டபடி பேர் பதிந்தாயிற்று, ஆனால் கங்காணி இன்னும் பெரட்டைக் கலைக்கவில்லை. கேமராவுக்குள் ஃபிலிம் தீர்ந்து தடதடவென்று அடிக்கும் வரையில் அப்படியே நின்றோம்.

டைரக்டர் களத்துக்குள் இறங்கி நேராகச் சோணாசலத்திடம் வந்தார். “வசனம் எங்கடா?” என்றார். அந்த ‘டா’வைக் கேட்டதும் யூனிட் முழுக்க மூச்சு விட்டது. சோணாசலம் மறந்துபோச்சு என்றார். மேலே ரோட்டில், முழு மேக்கப்பில், தாடியும் கண்ணீரும் தயாராக, வெண்கலக் குரலார் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்தோம். கிளைமேட் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாள் ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது மானிட்டர் இருக்கிறது. எடுத்த கையோடு எல்லாரும் கூடிநின்று பார்த்து, ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். அன்று அப்படியில்லை. ஃபிலிம் டப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிக் கொடை ரோடு ஸ்டேஷனுக்கு அனுப்பி, ரயிலில் சென்னைக்குப் போய், லேபில் கழுவித் திரும்பி வரும் வரை, என்ன எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் சோணாசலம் சரியாகச் சாப்பிடவில்லை. டைரக்டர் சிரித்துப் பேசியதைக்கூட அவர் நம்பவில்லை. ரஷ் பிரதி வந்ததும் கொடைக்கானல் தியேட்டரில் ஆட்டம் இல்லாத ஒரு காலையில் போட்டுப் பார்த்தோம். சத்தம் சேர்க்காத வெறும் படம். அதனால்தானோ என்னவோ, எல்லாரும் அவர் கண்ணைப் பார்த்தபோது நான் அவர் கால்களைப் பார்த்தேன்.

இரண்டாம் தடவை பேர் கூப்பிட்ட பிறகு, முன்பக்கம் பார்த்து நின்ற சோணாசலம், கம்பளியை இழுத்துக்கொண்டு அரை அடி பக்கவாட்டில் நகர்கிறார். தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த வரிசையில், அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான். பக்கத்தில் டைரக்டர் மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்றார்.

விருது வந்தது. விழாவில் பெரியவர்கள் பேசினார்கள். சோணாசலம் கோமாளி வேஷத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நடிகராகப் பிறந்துவிட்டார் என்றார்கள். செத்தவன் பேரை இரண்டு முறை கூப்பிடுவது அதிகாரத்தின் ஈவிரக்கமற்ற தன்மைக்குக் குறியீடு என்று ஒருவர் எழுதினார். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். ராமாயி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. அவள் மகன் மருதமுத்து வில்பட்டிப் பக்கம் கேரட் போட்டுக்கொண்டு இன்றும் சௌக்கியமாக இருக்கிறான். பேரன் எடுத்துவிட்டான். குறியீடு வேலை செய்கிறது.

சோணாசலம் எதையும் கழற்றி எறியவில்லை என்பதுதான் என் கட்சி. அது அவருடைய பழைய முழியேதான். கடைசித் துண்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அது வராமல் போனதால்தான் நமக்கு அழுகை வருகிறது. கதறத் தெரிந்த வெண்கலக் குரலாருக்கு அது வந்திருக்காது, ஏனென்றால் அவரிடம் பிடித்து வைத்துக்கொள்ளச் சிரிப்பே கிடையாது. குரல் மருதமுத்துவின் பழக்கம். இரண்டாம் கூப்பாடு ராமாயியின் பயம். சிரிக்காமல் நின்றதற்குக் கூட்டத்துக்கும் விருதில் பங்கு உண்டு. ஆனால் அந்த அரை அடி? அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் தவறிச் செய்யவில்லை.

வந்த பிள்ளைகள் இருவருக்கும் இந்த அரை அடியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. அகலத் திரைக்கு எடுத்த படம் அது. இப்போது புழக்கத்தில் இருப்பது டி.வி.க்காக இரண்டு ஓரத்தையும் நறுக்கிய பிரதி. காலியான அந்த இடம் ஓரத்தோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பதை மட்டும் பார்த்தால் எனக்கும் விபத்து என்றுதான் தோன்றும்.

விருதுக்கு அப்புறம் சோணாசலத்துக்கு வரிசையாக அழுகிற அப்பன் வேஷம் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக வசனமும் கொடுத்தார்கள். ஜனங்கள் வஞ்சனையில்லாமல் சிரித்தார்கள். இரண்டு மூன்று படத்தோடு அவர் பழையபடி முழிக்கத் திரும்பிவிட்டார், சந்தோஷமாகவே திரும்பினார். எண்பதுகளின் நடுவில் பழனியில் ஒரு படப்பிடிப்பு. அதை முடித்துக்கொண்டு ஆயக்குடியில் அவரைப் பார்க்கப் போனேன். முடிக்காணிக்கை கொடுத்த மொட்டைத் தலையோடு கொய்யாத் தோப்பில் உட்கார்ந்திருந்தார். யூனிட் ஆட்கள் ஒவ்வொருவரையும் விசாரித்தார். ராமாயியை மறக்காமல் விசாரித்தார். பேச்சுவாக்கில், அன்றைக்கு அந்த வரிசையில் எதற்காக நகர்ந்து நின்றீர்கள், யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“என்னலே கேள்வி இது? அதான் இருக்கேன்னு சொல்லிட்டான்ல. வந்து நிக்க எடம் வேணாமா?”